வேலூர் கண்ட ஐடா அம்மையார்

மாணவர் பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டிய தாளில், மறைந்த சாதனையாளர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு என்றும் ஒரு தலைப்பு இருந்தது. எங்கள் எலெக்ட்ரிக்கல் வகுப்பில் பாதிப் பேர் எடிசனை எடுத்துக்கொண்டார்கள், மீதிப் பேர் அப்துல் கலாம். விஸ்வேஸ்வரய்யாவுக்கும் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். நான் ஒரு டாக்டரம்மாவை எடுத்தேன். பாலிடெக்னிக்கில் படிக்கிற பொண்ணுக்கு டாக்டரம்மா கதை எதுக்கு என்று சிலர் கேட்டார்கள். அவர் ஆரம்பித்த கல்லூரியும் முதலில் ஒரு டிப்ளமோ கல்லூரிதான் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம்ம தர்மபுரிப் பக்கம் வேலூர் என்றாலே ஆஸ்பத்திரிதான். ஊர் டாக்டர் கையை விரித்துவிட்டால், அடுத்து யாராவது ஒருத்தர் வேலூருக்குக் கொண்டு போங்க என்று சொல்லாமல் இருக்க மாட்டார். மொரப்பூரில் ரயில் ஏறி, ஜோலார்பேட்டை தாண்டிக் காட்பாடியில் இறங்குவார்கள். இல்லையென்றால் கிருஷ்ணகிரி வழியாக பஸ். நிலத்தை அடமானம் வைத்துப் போனவர்களும் உண்டு, நகையைக் கழற்றிக் கொடுத்துப் போனவர்களும் உண்டு. அந்த ஆஸ்பத்திரிதான் சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதை உண்டாக்கியவர் ஐடா சோபியா ஸ்கடர்.

ஸ்கடர் குடும்பத்தைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு இருந்த டாக்டர். அதை விட்டுவிட்டு 1819-ல் மனைவி, குழந்தையோடு கப்பல் ஏறி இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பு என்ற ஊரில் வைத்தியம் பார்த்தார். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய ஏழு மகன்களும் இந்த மிஷன் வேலைக்கே வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1853-ல் அந்த மகன்கள் சேர்ந்து தொடங்கியதுதான் ஆற்காடு மிஷன். அவர்களில் ஒருவரான ஜூனியர் ஜான் ஸ்கடருக்கும் சோபியா அம்மாளுக்கும் ஒரே மகளாக 1870 டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார்.

பிறந்த ஆறாவது வருஷம் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியே காய்ந்து போனது. நம்ம பகுதி அப்போது சேலம் ஜில்லா. அங்கேயும் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அப்பாவும் அம்மாவும் பட்டினிக் குழந்தைகளுக்குக் கஞ்சியும் ரொட்டியும் கொடுப்பதைச் சின்னப் பெண் ஐடா கூடவே இருந்து பார்த்தார். சின்ன வயதில் பார்த்தது சீக்கிரம் மறக்குமா?

1878-ல் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. சில வருஷம் கழித்து அப்பா மட்டும் இந்தியாவுக்கு வந்தார். பிறகு அம்மாவும் மகளைச் சிகாகோவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். ஒரே பெண் பிள்ளை, பள்ளிக்கூடம் போகிற வயது. அம்மா இல்லாத வீட்டில் அந்தப் பெண் எப்படி இருந்திருக்கும் என்று ஹாஸ்டலில் இருக்கிற நமக்குக் கொஞ்சம் தெரியும். நமக்காவது சனிக்கிழமை பஸ் இருக்கிறது. அவருக்கு நடுவில் கடல் இருந்தது.

அதனால்தானோ என்னவோ, ஐடாவுக்கு இந்தியா என்றாலே பிடிக்காமல் போனது. மசாசுசெட்ஸில் நார்த்பீல்டு என்ற இடத்தில் பெண்கள் பள்ளியில் படித்தபோது, குடும்பத்தில் எல்லோரும் போகிற வழியில் நான் மட்டும் போக மாட்டேன் என்று தீர்மானமாக இருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்ததால்தான் 1890-ல் இந்தியாவுக்கு வந்தார். அப்போது பெற்றோர் இருந்தது திண்டிவனத்தில். அம்மா தேறும் வரை கூட இருப்பது, பிறகு திரும்பிப் போவது, அவ்வளவுதான் கணக்கு.

அந்தத் திண்டிவனத்தில் ஒரு ராத்திரி நடந்ததைத்தான் அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் எழுதுகிறார்கள். நானும் எழுதாமல் போக முடியாது.

ஒரு பிராமண வாலிபர் வந்து கதவைத் தட்டினார். வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி, குழந்தை வெளியே வரவில்லை, மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். ஐடா, எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். வேற்று ஆண் என் மனைவியைத் தொடக் கூடாது, நீங்கள் வருவதானால் வாருங்கள் என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தட்டல். இந்தத் தடவை ஒரு முஸ்லிம். அதே வலி, அதே பேச்சு, அதே பதில். மூன்றாவதாகவும் ஒருவர் வந்தார், அவரும் இந்துதான். அவரும் ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார். ராத்திரி முழுக்க ஐடா தூங்கவில்லை. விடிந்ததும் தெருவில் பறைச்சத்தம். விசாரித்து வர வேலைக்காரரை அனுப்பினார். மூன்று பெண்களுமே செத்துப் போயிருந்தார்கள்.

ஒரே ராத்திரி, ஒரே ஊர், மூன்று பொண்ணுங்க. டாக்டர் இல்லாமல் சாகவில்லை. கூப்பிடு தூரத்திலேயே டாக்டர் இருந்தார். அவர் ஆம்பிளையாக இருந்ததால் செத்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு அந்த மூன்று கணவர்கள் மேல் பயங்கரக் கோபம் வந்தது. பிறகு எங்க ஆயாவிடம் கேட்டேன். ஆயாவுக்கு ஏழு பிரசவம், ஏழும் வீட்டில்தான், தங்கினது மூணு. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறதென்றால் யார் கேட்பார்கள், புருஷனைக் கேட்கணும், மாமியாரைக் கேட்கணும், பெரியவங்க எல்லாம் சம்மதிக்கணும், அதுக்குள்ளே பிறந்தால் பிறக்கும், இல்லேன்னா இல்லே என்று ஆயா சாதாரணமாகச் சொன்னார். சித்தேரி மலைப் பக்கம் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு வந்த கதையெல்லாம் நம்ம கல்லூரியில் படிக்கிற மலை ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லுவார்கள். திண்டிவனம் ஒன்றும் தூரத்து ஊர் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போது பெண் டாக்டரே கிடையாது என்றும் இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-லேயே பெண்களைச் சேர்த்தார்கள். 1885-ல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியும் வந்துவிட்டது. ஆனால் அதெல்லாம் பட்டணத்தில். திண்டிவனத்துக்கும் வேலூருக்கும் யார் வருவார்கள்?

ஐடா அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனார். ஆனால் டாக்டருக்குப் படிக்கப் போனார். முதலில் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரி, பிறகு நியூயார்க்கில் கார்னெல். கார்னெல் மருத்துவப் பிரிவில் பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் தொகுதியில் அவரும் ஒருவர். 1899-ல் பட்டம் வாங்கினார்.

கப்பல் ஏறுவதற்கு முன்னால் வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டச் சொன்னார்கள். 8,000 டாலர் வேண்டும். கையில் இருந்ததோ கொஞ்ச நாள்தான். மிஷன் பெண்கள் சங்கத்தின் தலைவி வீட்டில் ஐடா பேசிக்கொண்டிருந்ததைப் பக்கத்து அறையில் இருந்த ஷெல் என்ற வங்கிக்காரர் கேட்டார். இறந்து போன தன் மனைவி பெயரில் 10,000 டாலர் கொடுத்தார். மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை என்று பெயர் வந்தது அதனால்தான். இன்றைக்கும் வேலூரில் ஷெல் என்றால் கண் ஆஸ்பத்திரி என்று ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார்.

1900 ஜனவரி முதல் தேதி வேலூர் வந்தார். அப்பாவிடம் கூட இருந்து தொழில் கற்றுக்கொள்ளலாம் என்று வந்தவருக்கு அதே வருஷம் அப்பா புற்றுநோயில் இறந்து போனார். கல்லூரியில் படித்தது இருக்கிறது, அனுபவம் இல்லை, கட்டிடம் இல்லை, வந்த ஜனங்களுக்கோ இந்த வெள்ளைக்காரப் பொண்ணு மேல் நம்பிக்கை இல்லை. வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் வைத்தியம் தொடங்கினார். நர்ஸ் கிடையாது. வீட்டில் வேலை செய்தவரின் மனைவி சலோமி என்பவரைப் பழக்கிக் கூட வைத்துக்கொண்டார். நோயாளிகள் வந்து வந்து, இரண்டு வருஷத்தில் ஐந்தாயிரம் பேரைப் பார்த்ததாகக் கணக்கு. 1902-ல் ஷெல் மருத்துவமனை 40 படுக்கையோடு திறந்தது.

இதில் நான் ரசித்தது அம்மா சோபியா விஷயம். ஒரு காலத்தில் மகளை விட்டுவிட்டு வந்த அம்மா, கணவர் இறந்த பிறகு அமெரிக்கா போகாமல் மகளோடு வேலூரிலேயே தங்கிவிட்டார். வீட்டுக் காரியம், வருகிறவர்களுக்குச் சாப்பாடு, மிஷன் வேலை என்று 1925-ல் கண்ணை மூடும் வரை மகள் பக்கத்திலேயே இருந்தார். சின்ன வயதில் இழந்த அம்மாவை ஐடா அப்படித் திரும்பப் பெற்றார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் குடும்பம் இல்லாதவர் என்று சொல்ல முடியாது. கல்லூரிப் பெண்கள் எல்லாம் அவரை ஐடா அத்தை என்றே கூப்பிட்டார்கள்.

காலையில் ஜெபம், பகலில் ஆபரேஷன், ஞாயிற்றுக்கிழமை ஆலயமும் வேதபாட வகுப்பும். இது ஒரு பக்கம். ஆஸ்பத்திரிக்கு வர முடியாத ஜனங்களிடம் தானே போவது இன்னொரு பக்கம். வாரத்தில் ஒரு நாள் குடியாத்தம் ரோட்டில் மருந்துப் பெட்டியோடு கிளம்புவார். முதலில் மாட்டு வண்டி. 1909-ல் பிரான்சில் செய்த ஒரு பெஜோ கார் கிடைத்தது. மாடும் குதிரையும் இல்லாமல் ஓடுகிற வண்டியைப் பார்த்து ஜனங்கள் வயல்காட்டில் இறங்கி ஓடினார்களாம். (நம்ம ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்கள் கவனிக்கவும்.) பிறகு பழகிப்போய், புளியமரத்தடியில் காருக்காகவே காத்திருப்பார்களாம். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, பல் பிடுங்குவது எல்லாம் ரோட்டோரத்தில்தான். அதே 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளியும் ஆரம்பமானது.

தொண்டு என்று வரும்போது இரண்டு பெண்களை விட்டுவிடக் கூடாது. ஒருவர் ஆனி ஹான்காக். ஐடாவோடு பள்ளியில் படித்தவர், கூடவே கிளம்பி வந்தார். வீட்டை விட்டு வெளியே வராத பெண்களைத் தேடி வீடு வீடாகப் போய்ப் பேசுவது அவர் வேலை. இன்னொருவர் கெர்ட்ரூட் டாட். வசதியான நியூயார்க் குடும்பத்துப் பெண். சம்பளம் என்று ஒரு காசு வாங்காமல் சொந்தச் செலவில் 1916-ல் வேலூரில் வந்து தங்கினார். கணக்கு வழக்குப் பார்த்தார். பணம் கட்ட முடியாத பெண்களுக்குத் தானே கட்டிப் படிக்க வைத்தார். பேரும் புகழும் ஐடா அம்மையாருக்கு வந்தது, சரிதான். ஆனால் ஸ்காலர்ஷிப்பில் படிக்கிற எனக்கு டாட் அம்மையாரைத்தான் அதிகம் பிடிக்கிறது.

இப்போது டிப்ளமோ கதைக்கு வருகிறேன். ஒரு டாக்டரம்மா எத்தனை ஊருக்குப் போக முடியும்? ஆயிரம் ஊரில் ஆயிரம் திண்டிவனம் இருக்கும்போது, இந்த ஊர்ப் பெண்களையே டாக்டராக்கினால்தான் ஆச்சு என்று அவருக்குப் பட்டது. எல்.எம்.பி. என்ற டிப்ளமோ அப்போது இருந்தது. நாலு வருஷப் படிப்பு, பட்டம் கிடையாது, ஆனால் வைத்தியம் பார்க்க அனுமதி உண்டு. பழைய ஆட்கள் எல்.எம்.பி. டாக்டர் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் படிப்புக்குப் பெண்கள் பள்ளி தொடங்க அனுமதி கேட்டுச் சென்னையில் சர்ஜன் ஜெனரல் பிரைசன் என்ற அதிகாரியிடம் போனார். அவர் அனுமதி கொடுத்தார், நம்பிக்கை கொடுக்கவில்லை. மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே பெரிசு என்பது அவர் எண்ணம். வந்தது 151 விண்ணப்பம்! 1918 ஆகஸ்ட் 12-ந் தேதி 17 பெண்களோடு பள்ளி ஆரம்பமானது. சொந்தக் கட்டிடம்கூட இல்லை, வாடகை வீடு. உடற்கூறு பாடம் ஐடாவே எடுத்தார்.

முதல் தேர்வுக்கு 14 பெண்கள் போனார்கள். ராஜதானி முழுவதும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே தேர்வு. ஒருத்தரும் தேறாவிட்டால் மனம் தளர வேண்டாம் என்று பிரைசன் முன்கூட்டியே ஆறுதல் வேறு சொல்லிவைத்தார். ரிசல்ட் வந்தபோது ஆண்களில் ஐந்துக்கு ஒருவர்தான் பாஸ். வேலூர்ப் பெண்கள் 14 பேரும் பாஸ்! அறுபது பேர் வகுப்பில் நாங்கள் நாலே பெண்கள். இந்த இடத்தை நாங்கள் நாலு பேரும் மூணு தடவை படித்தோம். 1922-ல் முதல் தொகுதி டிப்ளமோ வாங்கி வெளியே வந்தது.

பள்ளி வளர்ந்தது. பணத்துக்கு ஐடா அமெரிக்கா போய்ச் சர்ச் சர்ச்சாகப் பேசினார். ஆசியாவில் பெண்கள் படிக்கிற ஏழு கல்லூரிகளுக்காக அங்கே பெண்கள் இருபது லட்சம் டாலர் திரட்டினால், இன்னொரு பத்து லட்சம் ராக்பெல்லர் நிதியிலிருந்து வரும் என்று ஏற்பாடு. லூசி பீபாடி என்ற அம்மையார் அதை முன்னின்று நடத்தினார். சமையலறைச் செலவில் மிச்சம் பிடித்து ஒரு டாலர் போட்டவர்கள்தான் அதில் அதிகம். தோட்டப்பாளையத்தில் பெரிய ஆஸ்பத்திரி, பாகாயத்தில் மலையடிவாரத்தில் கல்லூரி என்று இரண்டு இடமும் அப்படி வந்ததுதான்.

எல்லாம் நன்றாகப் போகிறபோது 1938-ல் இடி விழுந்தது. இனி டிப்ளமோ டாக்டர் படிப்பு கிடையாது, எம்.பி.பி.எஸ். பட்டம் மட்டும்தான் என்று சென்னை அரசு முடிவெடுத்தது. அரசு சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கிராமத்து ஜனங்களுக்கு மட்டும் குறைந்த படிப்பு டாக்டர் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? ஆனால் வேலூருக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை. பட்டப் படிப்பு நடத்தப் படுக்கைகள் கூட வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், உயர் பட்டம் வாங்கிய பேராசிரியர்கள் வேண்டும். இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். டிப்ளமோ தானே என்று கல்யாண வீட்டில் ஒரு பார்வை பார்ப்பார்களே, அந்தப் பார்வையைச் சட்டமாகவே போட்டால் எப்படி இருக்கும்! வருஷக்கணக்கில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்கள் எப்படி உணர்ந்திருப்பார்கள் என்று யோசித்தேன்.

ஐடாவுக்கு அப்போது 67 வயது. ஓய்வெடுக்க வேண்டிய வயதில் மறுபடி பணத்துக்குக் கிளம்பினார். 1941-ல், உலகப் போர் நடுவில், எழுபது வயதில் அமெரிக்கா போய் நாலு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார்.

அங்கே வேறு ஒரு சிக்கல். ஆண்களையும் சேர்த்துப் பொதுக் கல்லூரியாக்கினால்தான் மற்ற மிஷன்களின் ஆதரவும் பணமும் கிடைக்கும் என்ற நிலை. பெண்களுக்காகப் பெண்கள் கொடுத்த காசில் கட்டியதை ஆண்களுக்குத் திறப்பதா என்று பழைய சிநேகிதிகளே எதிர்த்தார்கள். லூசி பீபாடியே எதிர்த்தார். ஐடா யோசித்து, கல்லூரி பிழைக்க வேண்டும் என்ற பக்கம் நின்றார். அதனால் பல வருஷ நட்புகள் முறிந்தன. கூடவே இருந்த டாட் அம்மையாரும் 1944-ல் இறந்து போனார். அவர் எடுத்த முடிவு சரியா என்று எங்கள் ஹாஸ்டலில் பட்டிமன்றமே நடந்தது. பீபாடி அம்மையார் கட்சிக்கும் ஆள் இருந்தது. நான் ஐடா கட்சி. மூடிப்போன பெண்கள் கல்லூரியில் ஒரு பெண்ணும் படிக்க முடியாது.

1942-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தற்காலிக அங்கீகாரம் கொடுத்து எம்.பி.பி.எஸ். ஆரம்பமானது. 1946-ல் ஐடா ஓய்வு பெற்றார். அடுத்த வருஷம் ஆண்களும் சேர்ந்தார்கள். 1947-லேயே ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் டாக்டர் அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நாடு சுதந்திரம் வாங்கிய அதே வருஷம்.

ஓய்வுக்குப் பிறகு கொடைக்கானலில் ஹில்டாப் என்ற வீட்டில் இருந்தார். தோட்டம் போட்டார், வேதபாட வகுப்பு எடுத்தார், வயதான பிறகும் டென்னிஸ் ஆடினார். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிப் போட்ட கடிதம் அவர் கைக்கு வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். தபால்காரர்களையும் இந்த இடத்தில் பாராட்டத்தான் வேண்டும். 1960 மே மாதம், 89 வயதில் கொடைக்கானல் வீட்டில் காலமானார். அவருடைய பெயரையே வைத்துக்கொண்டிருந்த சகோதரர் மகள் ஐடா பி. ஸ்கடரும் டாக்டர்தான். வேலூரில் எக்ஸ்ரே பிரிவை வளர்த்தவர் அவர்.